பாழடைந்த மாளிகையும் லயக் காம்பராவும்: பிகாஷ் பட்டாச்சார்ஜியின் ஓவியங்கள் குறித்து

முற்போக்குக் கலை இலக்கியம் பற்றிப் பேசுவோரிடையே ஒரு பழைய வழக்கு இன்னமும் தீர்க்கப்படாமற் கிடக்கின்றது. கனவை வரையும் ஓவியன் மக்கட் கலைஞனா, மக்களிடமிருந்து தப்பியோடுபவனா என்பதே அவ்வழக்கு. உழைப்பவனின் வியர்வையையும் பசித்தவனின் விலா எலும்பையும் கண்ணுக்கு நேரே காட்டுவதே யதார்த்தம் என்றும், நிழல் படிந்த அறைகளையும் ஆளரவமற்ற தெருக்களையும் உறக்கத்திற் காண்பன போல வரைவது நலிவுற்ற மத்தியதர வர்க்கத்தின் பொழுதுபோக்கு என்றும் நம்மவரிற் பலர் தீர்ப்புக் கூறி வந்துள்ளனர். இத்தீர்ப்பில் நியாயம் ஓரளவு உண்டு. ஆனால் அந்த ஓரளவையே முழு அளவாகக் கொண்டு, ஊவாவின் பாடசாலைகளில் ஓவியம் பயிலும் எமது மாணவருக்குப் போதிப்போமாயின், அவர்களின் கையிலிருந்து கூர்மையான ஆயுதமொன்றை நாமே பறித்தவர்களாவோம். ஆதலின் இவ்வழக்கை ஓர் ஓவியனின் வாழ்க்கைப் பணியை முன்வைத்து விசாரிக்க முற்படுகின்றோம்.

அவ்வோவியன் கல்கத்தாவின் பிகாஷ் பட்டாச்சார்ஜி. 1940இல் பிறந்து, சிறு பராயத்திலேயே தந்தையை இழந்து, வட கல்கத்தாவின் பழைய தெருக்களில் வளர்ந்தவர். 1963இல் ஓவியக் கல்வியை முடித்தவர், அடுத்த ஆண்டிலேயே சமகாலக் கலைஞர் சங்கத்திற் சேர்ந்தார். பின்னர் கல்கத்தா அரசினர் ஓவியக் கல்லூரியில் ஆசிரியராகவும் பணியாற்றினார். 1988இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2000ஆம் ஆண்டளவில் பக்கவாதம் தாக்கியதால் தூரிகையைக் கீழே வைத்தவர், 2006 டிசம்பரில் மறைந்தார். தென்னாட்டுத் தமிழரிடையேயும் ஈழத்தமிழரிடையேயும் அவர் பெயர் பரவலாக அறியப்படவில்லை. அவர் வரைந்த நகரத்தையும் அறைகளையும் அச்சுப் பிரதிகளிலாயினும் கண்டவர் அவற்றை எளிதில் மறப்பதில்லை.

அவர் வரைந்தவை எவை? மொட்டை மாடிகள், பாசி படர்ந்த கைப்பிடிச் சுவர்கள், காரை பெயர்ந்த தூண்கள், பாதி திறந்த பலகணிகள், ஒளி ஒரு மூலையில் மட்டும் விழும் கூடங்கள், யாருக்காகவோ காத்திருப்பன போன்ற நாற்காலிகள். இவற்றிடையே சில மனிதர். அவர்களிற் பலருக்குக் கண்களில் மணியில்லை. வெண்மை மாத்திரமே உண்டு. பார்க்கின்றார்களா, பார்வையற்றவர்களா என்று நாம் தடுமாறுகின்றோம். இளமையில் ஸ்பானிய ஓவியர் சல்வடோர் டாலியின் செல்வாக்கு அவரிடம் இருந்தது. ஆயினும் உருகி வழியும் கடிகாரங்களோ வானத்தில் மிதக்கும் யானைகளோ அவர் உலகில் இல்லை. அவர் வரைந்த செங்கல் மெய்யான செங்கல். துரு மெய்யான துரு. கிழவியின் கையிலுள்ள சுருக்கம் மெய்யான சுருக்கம். எண்ணெய் வர்ணத்தைக் கையாளுவதில் அவருக்கிருந்த தேர்ச்சி புகைப்படக் கருவியோடு போட்டியிடத்தக்கது. அத்தனையும் மெய்யாயிருக்க, முழுமை மாத்திரம் கனவாகத் தோன்றுகின்றது. அவர் கலையின் இரகசியம் இங்கேதான் இருக்கின்றது.

இந்தக் கனவு வானத்திலிருந்து விழுந்ததன்று. அதற்கு வரலாறு உண்டு, பொருளாதாரமும் உண்டு. வட கல்கத்தாவின் பெரிய மனைகளை எழுப்பிய செல்வம், கும்பனியாரின் வர்த்தகத்தில் தரகு பெற்றவர்களிடமிருந்தும், 1793ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டத்தால் நிலைபெற்ற ஜமீன்தார்களிடமிருந்தும் வந்தது. கிராமத்து உழவன் செலுத்திய வாரமே நகரத்திற் கிரேக்கத் தூணாக உயர்ந்தது. 1911இல் தலைநகரை டில்லிக்கு மாற்றும் முடிவு அறிவிக்கப்பட்டது. 1947இல் வங்கம் பிளவுண்டது. அகதிகள் வெள்ளமெனப் பெருகினர். 1953இல் மேற்கு வங்கத்தில் ஜமீன்தாரி முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வருவாய் வற்றியது, தூண்கள் மாத்திரம் நின்றன. ஒரு கூடத்தில் ஒரு குடும்பம் வாழ்ந்த இடத்தில் பல குடும்பங்கள் தடுப்புக்கட்டி வாழத் தலைப்பட்டன. வாழ்ந்து கெட்ட வர்க்கமொன்றின் வீட்டில், இன்னமும் வாழத் தொடங்காத வர்க்கமொன்று குடியேறியிருப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். அங்கே ஒவ்வொரு பொருளும் தனக்கு உரியவரல்லாதோரின் நடுவே நிற்கும். அந்நிலையை உள்ளவாறே வரைந்தால் அது கனவு போலத்தான் இருக்கும். பிகாஷ் அவ்வாறே வரைந்தார்.

அவருடைய பொம்மை வரிசை ஓவியங்கள் இதனை மேலும் தெளிவாக்கும். 1967இல் நக்சல்பாரியில் எழுந்த உழவர் கிளர்ச்சியின் அலை கல்கத்தாவின் கல்லூரிகளுக்குட் புகுந்தது. 1970, 1971ஆம் ஆண்டுகளில் அந்நகரத்துத் தெருக்களில் இளைஞர் பலர் பொலிசாரின் துப்பாக்கிக்கும் கட்சிப் பூசல்களுக்கும் இரையாயினர். அதே வேளையில் எல்லைக்கு அப்பாலிருந்து பங்களாதேஷ் போரின் அகதிகள் வந்து குவிந்தனர். இக்காலத்தில் பிகாஷ் வரைந்தது குழந்தைகள் விளையாடும் பொம்மையை. இருண்ட அறையில், ஏணிப்படியில், ஒதுக்குப்புறத்தில் கைவிடப்பட்டுக் கிடக்கும் பொம்மை அது. அதன் கண்கள் மூடுவதில்லை. அதை அங்கே யார் போட்டார், என்ன நடந்தது என்று படம் எதுவும் சொல்வதில்லை.

துப்பாக்கியையும் பிணத்தையும் நேரடியாக வரைந்திருக்கலாகாதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆயினும் அந்நாட்களிற் கல்கத்தாவாசி ஒருவன் கண்டது என்னவென்று எண்ணிப் பார்க்க வேண்டும். இரவில் ஒரு சத்தம். காலையில் சந்தில் ஒரு கறை. அண்டை வீட்டுக் கதவு திறப்பதில்லை. எவரும் எதுவும் பேசுவதில்லை. கொலையைவிடக் கொலைக்குப் பிந்திய மௌனமே அந்நகரில் நெடுநாள் குடியிருந்தது. அம்மௌனத்தை வரைய ஒரு பொம்மை போதுமாயிருந்தது. பத்திரிகைப் படத்தாற் பிடிக்க முடியாததை அது பிடித்தது.

இவ்விடத்தில் இன்னொரு வங்க ஓவியரை நினைவுகூர்தல் தகும். 1943ஆம் ஆண்டின் பெரும் பஞ்சத்தில் வங்கத்தில் 30 இலட்சம் பேர் வரை மாண்டனர் எனக் கணிக்கப்படுகின்றது. அப்போது சித்தபிரசாத் என்னும் கம்யூனிஸ்ட் ஓவியர் கால்நடையாகக் கிராமங்களுக்குச் சென்று, எலும்புக்கூடுகளாய் நின்ற மக்களைக் கருமையாற் கோடிட்டார். அவற்றைத் தாங்கி வந்த சிறு நூலை ஆங்கில அரசு பறிமுதல் செய்து எரித்தது. அவ்வோவியங்களின் முன்னே கனவைப் பற்றிப் பேசவும் நா எழாது. பஞ்சம் வெட்ட வெளியில் நடந்த குற்றம். உலகுக்கு அது மறைக்கப்பட்டிருந்தது. அதைக் காட்டுவதே கலைஞனின் முதற் கடமையாக இருந்தது. 1971இன் குற்றமோ எல்லோருக்கும் தெரிந்தது; அதை அறியாதவர்போல் வாழ்வதே அன்றைய நோயாக இருந்தது. நோய் வேறாயின் மருந்தும் வேறாகும். சித்தபிரசாத்தை அளந்த கோலைக் கொண்டு பிகாஷை அளந்து, குறைவு என்று தள்ளுவது விமர்சனமாகாது.

ஐரோப்பாவிலும் கனவு நகரங்களை வரைந்தோர் உண்டு. அவர்களில் முதல்வர் இத்தாலிய ஓவியர் ஜியோர்ஜியோ டி கிரிக்கோ. கிரேக்க நாட்டிற் பிறந்த அவரின் தந்தை ரயில்பாதைப் பொறியியலாளர். 1910ஐ அடுத்த ஆண்டுகளில் அவர் வரைந்த வெறுஞ்சதுக்கங்களின் பின்னணியில், நீண்ட நிழல்களுக்கு அப்பால், புகைவிட்டுச் செல்லும் புகையிரதம் ஒன்று அடிக்கடி தோன்றும். 1914இல் வரைந்த புகையிரத நிலையப் படமொன்றுக்குப் பிரிவின் துயரம் என்ற பெயரும் உண்டு. ஆனால் எவர் பிரிந்தார், எவரை விட்டுப் பிரிந்தார் என்பதற்கு அப்படத்தில் விடையில்லை. அத்துயரத்துக்கு ஊருமில்லை, பேருமில்லை. டி கிரிக்கோவின் தனிமை தத்துவவாதியின் தனிமை. பிகாஷின் தனிமைக்கோ தெருப் பெயரும் வீட்டு இலக்கமும் உண்டு. முற்போக்கு விமர்சனம் கனவையும் கனவையும் பிரித்தறிய வேண்டிய இடம் இதுவே.

பதுளை வாசகருக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேறு உதாரணம் தேவையில்லை. 1924இல் புகையிரதப் பாதை பதுளையை வந்தடைந்தது. அத்தோடு பாதை முடிகின்றது, அதற்கப்பால் மலைதான். 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைப் பண்டம்போற் பகிர்ந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று. அதன் பின்னர் மலையகத்துப் புகையிரத நிலையங்களில் நிகழ்ந்த பிரிவுகளுக்கு நம் மக்கள் வைத்த பெயர் ‘அழுகைக் கோச்சி’ என்பது. ஏறியவர் தலைமன்னார் வழியே கடல் கடந்து, தாம் கண்டிராத தாய்நாட்டுக்குப் போயினர். தகப்பன் ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமுமாகக் குடும்பங்கள் பிளவுண்டன. பிரிவின் துயரத்துக்கு ஊரும் பேரும் எண்ணிக்கையும் இங்கே உண்டு. அந்நிலையத்தின் வெறுமையை வரையும் ஓவியன் இத்தாலியச் சதுக்கத்தைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

பிகாஷைப் புகழ்வதோடு நிறுத்திக்கொண்டால் நாம் கடமையிற் தவறியவர்களாவோம். அவர் கலையில் வலிமையோடு ஒட்டிப் பிறந்த குறைகளும் உள. முதலாவதாக, சிதைவு அவரிடம் அழகாகிவிடுகின்றது. பாசியும் துருவும் பொன்னொளியில் மின்னும்போது, அவற்றின் நடுவே வாழ்பவனின் இருமலை நாம் மறந்துவிடுகின்றோம். ஒழுகும் கூரை, அதன் கீழ் உறங்குபவனுக்கு ஒருபோதும் ஓவியமாகாது. செல்வந்தரின் வரவேற்பறையில் இத்தகைய படங்கள் பெரும் விலைக்கு மாட்டப்படுவது தற்செயலன்று. வறுமை அங்கே வாசனை நீக்கப்பட்டு நுழைகின்றது. இரண்டாவதாக, அந்நகரத்தின் உழைப்பாளி அவர் படங்களிற் பெரும்பாலும் மர்மப் பொருளாக நிற்கின்றான். மணியற்ற அக்கண்கள் முதலிற் கண்டபோது நெஞ்சை உலுக்கின. பலமுறை காணும்போது அவை ஓர் உத்தியாகத் தேய்கின்றன. மனிதனிடம் பார்வையைப் பறித்தால் அவன் நம்மைத் திருப்பிக் கேள்வி கேட்க இயலாதவனாகின்றான்.

இக்குறையை அவரே உணர்ந்தார் போலும். 1980களின் இறுதியில் வரைந்த துர்க்கை வரிசையில் அவர் தெய்வத்தைக் கோயிலிலிருந்து இறக்கி, அன்றாடம் நாம் காணும் பெண்களின் நெற்றியில் மூன்றாம் கண்ணைத் திறந்தார். முன்னர் பறித்த பார்வையை இங்கே இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்தார் என்று கொள்ளலாம்.

அவரோடு ஒப்பிட்டுக் காணத்தக்கவர் பம்பாய்க்கு அடுத்த தானே நகரில் வாழும் சுதிர் பட்வர்தன். 1949இற் பிறந்த இவர், கதிரியக்க மருத்துவராக நெடுங்காலம் தொழில் புரிந்தவாறே ஓவியம் வரைந்தார். இடதுசாரிச் சிந்தனையில் ஊறிய இவரது படங்களில் இரானி உணவகமும் புறநகர்ப் புகையிரதமும் மூடுண்ட ஆலைகளின் லோயர் பரேலும் இடம்பெறுகின்றன. ஒரே படத்திற் பல கோணங்களிலிருந்து நகரத்தை நோக்கும் இவர் கைவண்ணத்திலும் கனவின் சாயல் உண்டு. ஆயினும் இவர் மனிதர் எங்கோ போய்க்கொண்டிருக்கின்றார்கள். அவர்களுக்கு வேலை இருக்கின்றது. பிகாஷின் மனிதர் எங்கும் போவதில்லை. கல்கத்தாவின் கூடத்திலிருந்து வெளியே செல்லும் வழியைப் பிகாஷ் காட்டவில்லை. அது அவர் கலையின் எல்லை.

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். ஊவாவின் தோட்டப்புறம் ஓவியத்திலும் புகைப்படத்திலும் குறைவாகவா காட்டப்பட்டுள்ளது? தேயிலைப் பொதியின் மேலட்டையிலும் நாட்காட்டியிலும் உல்லாசப் பயணச் சுவரொட்டியிலும் பச்சை மலை, நீல வானம், கூடை சுமந்து புன்னகைக்கும் பெண். தெமோதரைக்கு அண்மையில் 1921இற் கட்டிமுடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண உலகெங்குமிருந்து வருவோர் இப்படத்தைத்தான் மனத்திற் கொண்டு வருகின்றனர். இதையே எடுத்துச் செல்கின்றனர். இப்படங்கள் யாவும் யதார்த்த முறையில் அமைந்தவை. இலை இலைபோல இருக்கும். கூடை கூடைபோல இருக்கும். ஆனால் அட்டை கடித்த கால் அதில் இல்லை. இடுப்பிற் கட்டிய படங்குச் சாக்கின் ஈரம் இல்லை. நிறுவைத் தராசின் முன் நின்று வாதாடும் குரல் இல்லை. நூறாண்டுக்கு மேலாகத் தேயிலை வணிகம் உலகுக்கு விற்றுவரும் கனவு இதுவே. யதார்த்தத்தின் உடை அணிந்து வந்தமையால் இதைக் கனவு என்று எவரும் கண்டுகொள்வதில்லை. வடிவத்தை மாத்திரம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் விமர்சனம் இந்தப் பொய்யை யதார்த்தம் என்று ஏற்று, பிகாஷின் உண்மையைக் கனவு என்று தள்ளும். அவ்விமர்சனத்தின் வறுமைக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மலையக இலக்கியம் இந்த மேலட்டைப் படத்தை எப்போதோ கிழித்தெறிந்துவிட்டது. சி. வி. வேலுப்பிள்ளையும், பதுளை மாவட்டத்தில் 1934இற் பிறந்து 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப்பும் லயத்தின் கதவைத் திறந்து உள்ளே சென்றனர். ஓவியமோ நெடுங்காலம் மலைச்சரிவிலேயே நின்றுவிட்டது. 1943இற் கொழும்பில் லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ் முதலியோர் கூடி அமைத்த 43 குழு இலங்கை ஓவியத்துக்கு நவீன விழிப்பைத் தந்தது. எனினும் அதன் பார்வை பெரிதும் கடற்கரையிலும் கிராமத்திலும் புராணத்திலும் படிந்திருந்தது. அண்மைக் காலத்திலேயே மலையகத்துப் பிள்ளைகள் தம் வாழ்வைத் தாமே வரையத் தொடங்கியுள்ளனர். ஹற்றனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைக் கறையையே வர்ணமாகவும் வடியையே கருப்பொருளாகவும் கொண்டு படைத்துள்ளமை இதற்கு நல்ல சான்று.

லயக் காம்பரா என்பது என்ன? பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஓர் அறை. முன்னால் ஓர் இஸ்தோப்பு. ஒரே கூரையின் கீழ் வரிசையாகவும், பல இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டியும் அமைந்த அறைகள். அவ்வோர் அறையே அடுப்படி; அதுவே படுக்கையறை; பிள்ளை பிறப்பதும் அங்கே; பிணம் கிடத்துவதும் அங்கே; பரீட்சைக்குப் படிப்பதும் அங்கே. ஓரிடம் ஒரே வேளையிற் பல இடங்களாக இருப்பது கனவின் இலக்கணம் என்பர். லயத்தில் அது அன்றாட ஏற்பாடு. அண்டைக் காம்பராவின் இருமலும் சண்டையும் தாலாட்டும் சுவரைத் தாண்டி வருகின்றன. ஆளைக் காணாமற் குரலை மாத்திரம் கேட்டு வாழ்கின்றோம். இவற்றை உள்ளவாறு வரைந்தால் பார்ப்பவன் கனவென்றே எண்ணுவான். அவன் எண்ணட்டும்; பிறகு அளவு கேட்டு அறியட்டும்.

இன்னுமொன்று. பிகாஷின் மாளிகையிற் போய்விட்ட உடைமையாளரின் ஆவி உலவுகின்றது. லயத்தில் உலவுவதோ ஒருபோதும் உள்ளே வராத உடைமையாளரின் ஆவி. கூரை ஆங்கிலக் கும்பனிக்குச் சொந்தமாயிருந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுக்குச் சொந்தமானது. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குச் சென்றது. துரைமார் மாறினர், பெயர்ப்பலகை மாறியது. உள்ளே குடியிருந்தவர் மாறவில்லை, அவருக்கு அந்த அறை சொந்தமாகவுமில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமோ அவர்களை வாழும் நாட்டிலேயே நாடற்றவராக்கியது. அக்கொடுமை சட்டத்தளவில் துடைக்கப்பட 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறந்த வீட்டில் விருந்தாளியாகவும், பிறந்த நாட்டில் அந்நியனாகவும் ஒருவன் வாழ்ந்தான் என்பதைக் காட்ட எந்த யதார்த்தச் சித்திரம் போதும்? அறையின் உள்ளே இருந்துகொண்டே அறைக்கு வெளியே நிற்பவனை வரையும் வழியைக் கனவு முறையே கற்றுத்தரும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லய வரிசைகளை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. பாதுகாப்பான காணியும் தனி வீடும் கிடைக்காத மக்கள் அங்கேயே வாழ்ந்து அங்கேயே புதையுண்டனர். சில நாட்கள் பத்திரிகைகளில் மண்ணின் படம் வந்தது. புதையுண்ட அறைகளின் படம் வரவில்லை, வரவும் முடியாது. சுவரில் மாட்டிய சாமிப்படம், கொடியிற் காய்ந்த பாடசாலைச் சீருடை, அடுப்பின் மேல் ஏற்றிய கேத்தல் ஆகியவற்றைப் புகைப்படக் கருவி இனி எடுக்க இயலாது. நினைவாலும் கற்பனையாலும் மாத்திரமே அவ்வறைகளை மீட்கலாம். அதை எவரேனும் கனவோவியம் என்று இகழ்வாராயின், சாட்சியம் என்ற சொல்லின் பொருள் அவருக்குத் தெரியாது என்போம்.

ஆகவே, கனவு முறை முற்போக்கா பிற்போக்கா என்ற கேள்வியே பிழையாகத் தொடுக்கப்பட்டது. கனவு யாருடையது, அது எந்த வீட்டில் காணப்பட்டது, அவ்வீட்டுக்கு யார் உழைத்தார், யார் உரிமை கொண்டார் என்று கேட்க வேண்டும். இக்கேள்விகளுக்குப் படத்துள்ளேயே விடை இருக்குமாயின், நிழல்கள் எவ்வளவு நீண்டிருந்தாலும் அது மக்கள் கலையே. விடை இல்லையாயின், கொழுந்துக்கூடையை எத்தனை துல்லியமாக வரைந்தாலும் அது வணிகனின் விளம்பரமே.

பதுளையிலும் பசறையிலும் லுணுகலையிலும் அப்புத்தளையிலும் ஓவியம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் எமது வேண்டுகோள் ஒன்றே. மலையையும் அருவியையும் வரைந்து வருமாறு மாணவனைப் பணித்தது போதும். அவன் உறங்கி எழுந்த காம்பராவை, அதன் ஒரே கதவை, அக்கதவின் வழியே விழும் ஒளியை வரைந்து வரச் சொல்லுங்கள். அளவு பிசகினாலும் நிறம் மிகினாலும் திருத்த அவசரப்பட வேண்டாம். பிகாஷிடமிருந்து செங்கல்லை உள்ளவாறு வரையும் பொறுமையையும், வெறும் பொம்மையிலும் ஒரு காலத்தின் குற்றத்தை ஏற்றும் துணிவையும் அவன் கற்கட்டும். ஆனால் தான் வரையும் மனிதரின் கண்களிலிருந்து மணியை மாத்திரம் அவன் பறிக்க வேண்டாம். இருநூறு ஆண்டுகளாகப் பிறராற் பார்க்கப்பட்டு வந்த மக்கள் இனித் தாமே பார்க்க வேண்டியவர்கள்.